கொட்டச் சொன்ன அக்கா

தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தால் அக்கா உடனே குடிக்க மாட்டார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை லேசாக மூடி, ஒரு இழுப்பு இழுப்பார். அப்புறம்தான் உதட்டுக்குப் போகும். ஒருமுறை விருந்துக்குப் போன வீட்டில் இதைச் செய்து, அந்த வீட்டு அம்மாவின் முகம் சுண்டிப்போனதை நானே பார்த்தேன். "உங்க தண்ணியச் சந்தேகப்படலீங்க. என் குழாயச் சந்தேகப்படுறேன்" என்று சமாளித்தார். சமாளித்த கையோடு இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் குடித்தார்.

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் அவர். அதற்கென்று ஒரு இரும்புச் சாவி உண்டு. முக்கால் ஆள் உயரம் இருக்கும். ஒரு நுனியில் சதுரப் பொந்து, மறு நுனியில் இரண்டு பக்கமும் பிடி. தெருவுக்கு அடியிலிருக்கும் குழியின் மூடியைப் புரட்டி, சாவியை உள்ளே இறக்கி, வால்வின் தலையில் மாட்டி, உடம்பு முழுவதையும் சாய்த்துச் சுற்றுவார். தண்ணீர் கிளம்பும். அதனால் ஊருக்கெல்லாம் 'சாவி அக்கா'. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார் என்பது டீக்கடை வைத்திருக்கும் அவர் கணவரின் நிரந்தரக் கேலி.

நாற்பதைத் தாண்டியவர். புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற மாதிரி முழுக்கை வேலைச் சட்டை. சாவியை மொபெட்டின் நீளத்துக்குக் கயிறு போட்டுக் கட்டி, பின்னால் வருகிறவர் கண்ணைக் குத்தாமலிருக்க அதன் நுனியில் சிவப்புத் துணி சுற்றியிருப்பார். குழிக்குள் குனிந்தே பேசிப் பழகியதாலோ என்னவோ, எதிரே நிற்பவரிடமும் கூப்பாடுதான். போன் அடித்துக்கொண்டே இருக்கும். "வரும், வரும்! தண்ணி என்ன பஸ்ஸா, கை காட்டினா நிக்கிறதுக்கு? மேட்டுத் தெரு ரொம்பட்டும், அப்புறம் உங்க பக்கம்தான்!"

எங்கள் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். கோடையில் அதுவும் பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் வருகிற நாளை அக்காவின் மொபெட் சத்தத்தில் மட்டுமல்ல, வேறு பல விதங்களிலும் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் பெஞ்சில் பாதி காலி. தையல் கம்பெனியில் மெஷின் ஓட ஆரம்பிக்கத் தாமதம். காய்கறிக்காரி கடை விரிக்க மாட்டாள். குடம் நிறைகிற வரைக்கும் ஊரே தள்ளிப்போடப்பட்டிருக்கும். "நான் தண்ணிதான் திறந்து விடுறேன்னு எல்லாரும் நெனக்கிறாங்க தம்பி. நான் லேட்டா வந்தா அங்க ஒருத்தி பரீட்சைக்கு லேட்டாப் போறா" என்பார். இதைப் பெருமையாகச் சொல்கிறாரா, பயத்தில் சொல்கிறாரா என்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

அந்தத் தையல் கம்பெனியில்தான் அவருடைய நாத்தனார் வேலை செய்கிறாள். கணவரின் தங்கை. வாய்த்துடுக்கு, குச்சி மாதிரி உடம்பு. அக்காவும் அவளும் சண்டை போட்டால் தெரு அமைதியாகிவிடும், ஒரு வார்த்தையும் தவறவிடக்கூடாதே என்று. கம்பெனியில் இத்தனை பெண்கள் இருந்தும் கழிப்பறை கிடையாது. மதியம் யார் வீட்டுக்காவது ஓடவேண்டும், இல்லையென்றால் கட்டடத்துக்குப் பின்னால் புதர். அதனால் அந்தப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் வாய் கொப்பளிப்பதோடு சரி. வெயிலில் ஒருத்தி மெஷின்மேலேயே மயங்கி விழுந்தாள். இன்னொருத்திக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயசுப் பெண்கள் மாதாமாதம் லீவு போட்டு, கடைசியில் வேலையையே விட்டார்கள்.

நாத்தனார்தான் ஒருநாள் மெஷினை நிறுத்தினாள். பக்கத்து மெஷின்களும் நின்றன. "கக்கூஸ் கட்டு, இல்லன்னா நீயே உக்காந்து தைச்சுக்கோ" என்று முதலாளியிடம் சொன்னாளாம். அவர் கழிப்பறைக்குச் சுவர் எழுப்பினார். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் நம் சாவி அக்கா. கோடை தொடங்கும்போது கம்பெனிச் சந்தில் பள்ளம் தோண்டி, குழாய் போட்டு, அவசர அவசரமாக மூடினார்கள். கழிப்பறை திறந்த அன்று நாத்தனார் டீக்கடையில் நின்று எல்லோரும் பார்க்க ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். "இனிமே நான் குடிப்பேன்" என்றாள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

வால்வைத் திறந்ததும் அக்கா நேரே கடைசிக் குழாய்க்குப் போவார். பள்ளிக்கூடச் சுவரோரம் இருக்கிறது அது. எல்லாத் தெருவையும் சுற்றிவிட்டு அங்கே தண்ணீர் வந்து சேருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். வந்ததும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். அன்றைக்கு வரிசையில் நானும் குடத்தோடு நின்றேன். பிடித்தார். முகர்ந்தார். கையை உதறிவிட்டு மறுபடி பிடித்தார்.

"தம்பி, மோந்து பாரு."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணுமே இல்லையா? நனைஞ்ச பழைய துணி மாதிரி?"

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேரும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அக்கா ஒரு கணம் அப்படியே நின்றார். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் தெரிந்த தயக்கத்தை நான் மறக்கவில்லை. மூக்கு ஒன்று சொல்கிறது, ஊர் வேறு சொல்கிறது. பிறகு மொபெட்டை உதைத்தார். சற்றுநேரத்தில் குழாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றுபோனது.

அதற்குள் மேட்டுத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் பிடித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் அரைக் குடம்கூட இல்லை. வால்வுக் குழியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"எதுக்கு நிறுத்தினே?"

"தண்ணி சரியில்ல."

"என்ன சரியில்ல? பாரு, பளிங்கு மாதிரி இருக்கு!"

"பளிங்கு மாதிரிதான் இருக்கு. எனக்குச் சரியாப் படல."

"உனக்குப் படலன்னா? உன் மூக்குக்காக நாங்க நாக்கு வறண்டு சாகணுமா?"

ஆபீசுக்குப் போன் போட்டார். மறுமுனையில் யாரோ, யாரைக் கேட்டு மூடினாய் என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. சின்ன இன்ஜினியரை அனுப்புவதாகவும், அதற்குள் திறந்துவிடும்படியும் சொன்னார்கள். அக்கா போனை மடியில் செருகிக்கொண்டார். திறக்கவில்லை. சாவியைக் குழியிலிருந்து உருவி மொபெட்டில் கட்டினார்.

பிறகு செய்ததுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. மேட்டுத் தெருவில் வீடு வீடாக ஏறினார். "பிடிச்சதைக் கொட்டிடுங்க. தயவுபண்ணிக் கொட்டிடுங்க."

பிடித்த தண்ணீரைக் கொட்டச் சொல்கிறவரை எங்கள் பகுதி அதுவரை பார்த்ததில்லை. ஒருத்தி சிரித்தாள். ஒரு பெரியவர் கதவைச் சாத்தினார். "வெயில்ல மூளை கலங்கிடுச்சு" என்றது ஒரு குரல். தெரு முனையில் அவர் கணவரின் டீக்கடை. காலையில்தான் பெரிய நீல டிரம் நிறையப் பிடித்து வைத்திருந்தார். பாய்லரும் நிறைந்து கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா போனார். டிரம்மின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்தார்.

"ஏய், ஏய்! என்ன பண்ற?"

டிரம் சாய்ந்தது. அத்தனை தண்ணீரும் தெருவில் ஓடியது. புழுதியில் அது ஓடிய வேகத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். கணவர் கரண்டியோடு நின்றவர், ஈரமாகிப்போன தன் செருப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அறைந்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் குனிந்து அடுப்பை அணைத்தார்.

"சொல்லிட்டுக் கொட்டக்கூடாதாடி" என்றார். அவ்வளவுதான்.

அதன்பிறகு சில வீடுகளில் குடங்கள் சாய்ந்தன. எல்லா வீட்டிலும் இல்லை. டீக்கடைக்கு மேல்மாடியில் ஒரு இளம் தாய் குடியிருந்தாள். தவழ ஆரம்பித்த குழந்தை. கணவன் வெளியூர் வேலை. அவள் வாசலிலேயே நின்று மறித்தாள்.

"நான் துணியில வடிகட்டிட்டேன் அக்கா."

"வடிகட்டினாப் போதாதும்மா. கொதிக்க வெச்சியா?"

"கேஸ் தீரப்போகுது. எல்லாத்தையும் எப்படிக் கொதிக்க வெக்கிறது? நீ சொல்லு, இதைக் கொட்டிட்டா சாயங்காலம் வேற தண்ணி கொண்டுவந்து குடுப்பியா?"

தண்ணீர் லாரி வருமா வராதா என்று அக்காவுக்கே தெரியாது. பொய்யாகவாவது தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. கதவு மூடிக்கொண்டது.

சின்ன இன்ஜினியர் மதியத்துக்கு முன்னால் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, வெடவெடவென்று ஒல்லியான இளைஞர். அக்கா திட்டு வாங்கத் தயாராக நின்றார். அவர் திட்டவில்லை. டேங்கிலிருந்தும், மேட்டுத் தெருவில் ஒரு குடத்திலிருந்தும், கடைசிக் குழாயின் அடியிலிருந்த வாளியிலிருந்தும் எடுத்த தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, குளோரின் பார்க்கிற சொட்டு மருந்து விட்டார். டேங்க் தண்ணீர் மஞ்சளானது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. அவர் அவற்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"டேங்க்ல போட்ட குளோரின் இங்க வந்து சேரல அக்கா. வழியில எதுவோ தின்னிருக்கு."

"அப்ப நான் மூடினது..."

"மூடியே இருக்கட்டும். இப்ப நான் சொல்லி மூடியிருக்கு. யாராவது கேட்டா என்னைக் காட்டுங்க."

அக்கா அப்போதுதான் வால்வுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

ஆனால் எங்கே கலக்கிறது? சந்தைக்குப் பின்னாலிருக்கும் சாக்கடைப் பாலம்தான் என்று அக்கா அடித்துச் சொன்னார். அங்கே குழாய் பழசு, முன்பும் ஒருமுறை கசிந்திருக்கிறது. ஆட்கள் வந்து தோண்டினார்கள். வெயில் சாயும் வரைக்கும் தோண்டினார்கள். குழாய் காய்ந்து, அப்பழுக்கில்லாமல் கிடந்தது. பள்ளத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் முணுமுணுப்பு ஏறியது. தண்ணீர் லாரி ஒன்றே ஒன்று வந்து, சண்டையில் பாதித் தண்ணீர் மண்ணோடு போயிருந்தது. அந்த நேரத்தில்தான் மாடி வீட்டுக் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் என்று செய்தி வந்தது. கூடவே மேட்டுத் தெருவில் இன்னும் சிலருக்கு.

இன்ஜினியர் நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இந்தப் பக்கத்துல சமீபத்துல புதுசா எங்கயாவது பள்ளம் தோண்டினாங்களா?"

கூட்டத்தின் ஓரத்தில் நாத்தனார் நின்றிருந்தாள். அக்காவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தையல் கம்பெனிச் சந்துல" என்றார் அக்கா.

வெளிச்சம் போவதற்குள் கிடைத்துவிட்டது. கழிப்பறையிலிருந்து வந்த புதுக் குழாயின் இணைப்பு ஒன்று வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் கீழே, ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல், துருப்பிடித்த குடிநீர்க் குழாய். இன்ஜினியர் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். குடிநீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடும்போது ஓட்டை வழியாக வெளியேதான் கசியும். தண்ணீர் நின்று குழாய் காலியாக இருக்கிற நாட்களில், சுற்றியிருக்கிற ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் திறந்தால் அதையும் தள்ளிக்கொண்டு வரும். "தினமும் ஓடுற குழாயா இருந்தா இது இப்படி ஆகியிருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குழாயைப் பிரித்து மாற்றும் வரை கழிப்பறையைப் பூட்டவேண்டும். கம்பெனி முதலாளி பூட்டோடு தயாராக இருந்தார். "நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் வேண்டாம்னு" என்று அவர் ஆரம்பித்தபோது குரலில் ஒரு திருப்தி இருந்தது.

நாத்தனார் குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். "இன்னிக்குப் பூட்டினா இது திரும்பத் திறக்காது. உனக்கே தெரியும் அண்ணி."

"குழந்தைங்க படுத்திருக்கு கண்ணு."

"நாங்க மறுபடி புதருக்குப் போகணுமா? அங்க போனா அது எந்தக் குழாய்க்குப் போகும்? அதையும் மோந்து பாத்துச் சொல்லு!"

அவள் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றியிருக்காது. அவர் முதலாளியின் கையிலிருந்து பூட்டை வாங்கினார். தாமே பூட்டினார். சாவிக்காக முதலாளி கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தாண்டிப்போய், நாத்தனாரின் உள்ளங்கையைப் பிரித்து அதில் சாவியை வைத்து மூடினார்.

"திறக்கிறது நீ. அதுவரைக்கும் நம்ம வீட்டுப் பாத்ரூம் இருக்கு. எல்லாரும் அங்க வாங்க. என்னை எத்தனை திட்டணுமோ வரிசையில நின்னு திட்டுங்க."

வந்தார்கள். அக்காவின் வீடு கம்பெனிக்கு மூன்று வாசல் தள்ளி. டீ வேளையிலும் மதியத்திலும் அந்தச் சின்ன வீட்டு நடையில் பெண்கள் வரிசை நின்றது. கணவர் கடையை மூடிவிட்டு, டீ வண்டியில் டிரம் ஏற்றி, பக்கத்துப் பகுதியிலிருந்து தண்ணீர் இழுத்துவந்து ஊற்றினார். "டீ ஊத்தினப்பகூட இத்தனை கூட்டம் வந்ததில்ல" என்று அவர் சொன்னதற்கு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணி வீட்டுக்கு வருவாள், போவாள், அண்ணியிடம் பேசமாட்டாள்.

மேட்டுத் தெருவில் படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாடி வீட்டுக் குழந்தை மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்தது. உப்புச் சர்க்கரைக் கரைசல் தங்காமல், கையில் ஊசி ஏற்றி பாட்டில் கட்டியிருந்தார்கள். அக்கா பார்க்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். குழந்தையின் கண்கள் உள்ளே போய், உதடு காய்ந்து, அழுகைக்குச் சத்தமே வரவில்லை. அந்தத் தாய் திரும்பிப் பார்த்தாள்.

"நீதானே திறந்துவிட்டே" என்றாள்.

அக்கா வாசலிலேயே நின்றார். கொட்டச் சொன்னேனே என்று சொல்லவில்லை. கொண்டுபோயிருந்த பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். வழியெல்லாம் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை. "அவ சொன்னதுல என்ன தப்பு தம்பி? மூடினதும் நான்தான். திறந்ததும் நான்தான். இன்னும் கொஞ்சம் முன்னால போய்ப் பிடிச்சுப் பாத்திருந்தா..." என்று ஒருமுறை நிறுத்தினார்.

வேலையை இன்ஜினியர் தாமே நின்று முடித்தார். சாக்கடைக் குழாயைச் சந்தின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, ஆழமாகப் புதைத்து, இணைப்புகளில் தண்ணீர் நிரப்பிச் சோதித்தார். துருப்பிடித்த துண்டை வெட்டி எறிந்து புதுக் குடிநீர்க் குழாய் போட்டார். கழுவி, கழுவி, கலங்கல் போய், சோதனைச்சாலை சரி என்று சொன்ன அன்று, நாத்தனார் கழிப்பறையைத் திறந்தாள். முதலாளி எங்கேயோ வேலையாகப் போயிருந்தார். எங்கள் பகுதிக்குத் தினமும் கொஞ்ச நேரமாவது தண்ணீர் ஓடவேண்டும் என்று இன்ஜினியர் மேலே எழுதியிருக்கிறாராம். பதில் இன்னும் வரவில்லை. நாத்தனார் பேச ஆரம்பித்துவிட்டாள், அதாவது சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். தெரு மறுபடி காதைத் தீட்டிக்கொண்டது.

மறுபடி தண்ணீர் திறந்த காலையில் கடைசிக் குழாயடியில் சொட்டு மருந்தில் தண்ணீர் மஞ்சளாகும் வரைக்கும் யாரும் குடத்தை நகர்த்தவில்லை. ஆனதும் வரிசை நகர்ந்தது. மேட்டுத் தெருவிலிருந்து அந்தத் தாயும் அங்கே வந்து நின்றிருந்தாள். மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று யாரிடமோ சொன்னாள். இடுப்பில் குழந்தை. இளைத்திருந்தது, ஆனால் பக்கத்தில் நிற்பவரின் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அவள் முறை வந்தது, குடம் நிறைந்தது. குழந்தையோடு அதைத் தூக்க முடியாது.

சுற்றிலும் நின்ற நாலைந்து பேர் குழந்தைக்குக் கை நீட்டினோம். அவள் எங்களைத் தாண்டி நடந்தாள். வால்வுக் குழியிலிருந்து நேரே வந்து, சேறும் துருவுமாகச் சுவரோரம் நின்றிருந்த அக்காவின் முன்னால் போய் நின்று, குழந்தையை நீட்டினாள்.

அக்கா இரண்டு கைகளையும் வேலைச் சட்டையில் துடைத்தார். புரட்டிப் பார்த்தார். இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். பிறகு நீட்டினார்.